ஒன்றுக்கு ஐம்பதில் ஒரு கட்டில்

பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தாள் டேப்பு. ஒரே நேரத்தில் எட்டு மடிப்புத் துணி. பெரிய கத்தரி மேசையை விட்டு மேலே எழும்பாமல் நகர்ந்தது. கை வேலை செய்தது. கண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. மனம் இரண்டிலும் இல்லை, மேசையின் மறுமுனையில் கிடந்த பழுப்பு உறையில் இருந்தது.

டேப்பு என்பது அவளுக்கு குடியிருப்பில் உள்ளவர்கள் வைத்த பெயர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பால் வாங்க வரும்போதும் இருக்கும், சாவுக்கு வரும்போதும் இருக்கும். பதினாறு வயதில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நூல் கத்தரிக்கச் சேர்ந்தவள் வெட்டும் பிரிவுக்கு ஏறி, அங்கேயே முக்கால் ஆயுளைக் கழித்துவிட்டு, கால் வீங்க ஆரம்பித்ததும் வீட்டின் உள்ளறையில் இரண்டு தையல் எந்திரமும் ஒரு வெட்டு மேசையும் போட்டுச் சொந்தமாகத் தைக்கிறாள். ஒரு குணம் சொல்லவேண்டும். அவள் வெட்டிய துணியை யாரும் மறுபடி அளந்தது கிடையாது. தொழிற்சாலை மேலாளர் ஒருமுறை அளக்க வந்தபோதுகூட, "என்ன சார், என் கை மேல சந்தேகமா?" என்று கேட்டுத் திரும்ப அனுப்பியிருக்கிறாள்.

உறையில் இருந்தது அவளுடைய அண்ணனின் தலைவிதி. பெரிய பேச்சாகத் தெரியும். ஆனால் நிலைமை அப்படித்தான்.

அண்ணன் சரக்கு லாரி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால் "வண்டிக்குப் பொறாமை வந்துடும்" என்பார். தார்ப்பாய் கட்ட ஏறியவர் லாரியின் மேலிருந்து விழுந்தார்; முதுகெலும்பு நொறுங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இடக்கையிலும் பலம் பாதிதான். மறுவாழ்வு வார்டில் இருந்து, உட்காரவும் சக்கர நாற்காலிக்கு மாறவும் கற்றுக்கொண்டாயிற்று. இனி வார்டில் வைத்திருக்க முடியாது. ஒன்று தங்கை வீடு. இல்லையென்றால் ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய நெடுநாள் பராமரிப்பு இல்லம். அங்கே ஒரு படுக்கை காலியாக இருக்கிறது. நாளை முற்பகல் வார்டில் முடிவு செய்கிறார்கள்.

அன்று காலைதான் வார்டில் அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் உறையைக் கொடுத்தாள். சின்ன வயது, ஆனால் வார்த்தையை வீணாக்காதவள்.

"உள்ள மூணு உருவம் இருக்குங்க. கட்டில், கழிப்பறை நாற்காலி, சக்கர நாற்காலி திரும்பறதுக்கான வட்டம். உங்க வீட்டு வரைபடத்துல, இவருக்கு ஒதுக்கற அறைக்குள்ள இந்த மூணும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம உட்காரணும். உட்கார்ந்தா வீட்டுக்கு. இல்லேன்னா இல்லத்துக்கு."

"நானே அறையை வரைஞ்சு கொண்டாரட்டுமா?"

"வேணாம். கட்டிட ஆபீஸ் முத்திரை போட்ட படத்துல வெச்சுக் கொண்டாங்க. போன தடவை ஒருத்தர் கையால வரைஞ்சு கொண்டுவந்தார். அவர் வரைஞ்ச அறையில கல்யாணமே நடத்தலாம். நேர்ல போய்ப் பார்த்தா நாற்காலி வாசல்லயே சிக்கிக்கிச்சு."

இதில் கண்டிப்பு ஒன்றும் அதிகமில்லை. படுத்திருப்பவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறவர் குனிந்து, கால் அகட்டி நிற்க இடம் வேண்டும். இடமில்லாத அறையில் முதலில் போவது பார்த்துக்கொள்பவரின் இடுப்பு. இடுப்பு போனால் பாசம் எதற்கும் உதவாது.

அண்ணன் படுக்கையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லத்துக்குப் போனா செத்துடுவேன்னெல்லாம் சொல்லமாட்டேன் டேப்பு. ஆனா அங்க எட்டு மணிக்கு விளக்கை அணைச்சுடுவாங்களாம். நான் என்ன கோழியா?"

"வாயை மூடுண்ணே. எல்லாம் உட்காரும்."

சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இப்போது காலரை ஒதுக்கி வைத்துவிட்டு, குடியிருப்புச் சங்கத்தில் வாங்கிய, முத்திரை போட்ட வீட்டுப் படத்தை மேசையில் விரித்தாள். உறையிலிருந்த தாளில் உருவங்கள் அச்சாகியிருந்தன. கட்டிலைக் கத்தரித்து எடுத்து உள்ளறையின் மேல் வைத்தாள்.

கட்டில் உள்ளறையை அடைத்து, சுவரைத் தாண்டி, சமையலறைக்குள் கால் நீட்டியது.

இடம் மாற்றி வைத்தாள். இப்போது தலை பக்கத்து வீட்டுக்குள் போயிற்று. வட்டத்தை எடுத்து வைத்தாள். அது அறையை முழுக்க மூடிவிட்டது. இரண்டு எந்திரம், மேசை, துணி மூட்டைகள், ஒரு பீரோ, இவ்வளவும் இப்போதே அடங்கியிருக்கிற அறை. அதில் ஒரு கட்டில் அடங்காதா? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சிறிது நேரத்தில் கொழுந்தன் வந்தார். கணவரின் தம்பி; பள்ளியில் கணக்கு வாத்தியார். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் சட்டைக்குப் பட்டன் வைக்கக் கொடுப்பார், அண்ணி கையால் ஒரு டீ குடிப்பார்.

"என்ன அண்ணி, கன்னத்துல கை?"

"தம்பி, இந்தக் கட்டில் எங்க வீட்டைவிடப் பெரிசு."

வாத்தியார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். தாளின் அடியில் விரலை வைத்தார். "இதுல ஒன்றுக்கு இருபதுன்னு போட்டிருக்கு." வீட்டுப் படத்தின் மூலையில் விரலை வைத்தார். "இதுல ஒன்றுக்கு ஐம்பது. ரெண்டும் வேற வேற அளவு. அப்படியே தூக்கி வெச்சா எப்படி உட்காரும்?"

"அதானே பார்த்தேன்!" என்றாள். அவளுக்கு உயிர் வந்தது. "அப்ப நான் ஐம்பதுக்கு மாத்தணும். ஐம்பதுங்கறது இருபதுக்கு ரெண்டரை மடங்கு. கட்டில் நீளம் இங்க பத்து சென்டி. ரெண்டரை மடங்கு, இருபத்தஞ்சு." பழைய நாட்காட்டி அட்டையில் இருபத்தைந்து அளக்க ஆரம்பித்தாள். பாதி அளக்கும்போதே கை நின்றது. வீட்டுப் படம் போட்ட தாளே அவ்வளவு நீளம் இல்லை.

"அண்ணி, கட்டில் இப்ப தெருவுக்கே போயிருச்சு."

"சிரிக்காத. ஐம்பது பெரிசா, இருபது பெரிசா?"

"ஐம்பதுதான் பெரிசு."

"அப்ப படமும் பெரிசாத்தானே ஆகணும்?"

"சின்னதாகும்."

"எப்படி? நம்பர் பெருசானா பொருள் சின்னதாகுமா? அப்படி எந்தக் கடையில விக்கறாங்க?"

வாத்தியார் டீயைக் கீழே வைத்தார். வகுப்பில் நாற்பது பேரைச் சமாளிப்பவர் ஒரு அண்ணியிடம் திணறினார். பின்னம் என்றார், அவள் முகம் சுளித்தாள். விகிதம் என்றார்; அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள், அதாவது கேட்கவில்லை. கடைசியில் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தபடி சொன்னார்:

"பஸ்ல போறீங்கல்ல. நடைவழியில இருபது பேர் நிக்கறாங்கன்னு வைங்க. அதே இடத்துல ஐம்பது பேர் நின்னா?"

"நசுங்கிச் சாவாங்க."

"அதேதான். ஒன்றுக்கு ஐம்பதுன்னா, படத்துல இருக்கிற ஒரு சென்டிக்குள்ள நிஜ வீட்டோட ஐம்பது சென்டியை அடைச்சு வெச்சிருக்காங்க. ஒன்றுக்கு இருபதுல இருபதுதான் அடைச்சிருக்காங்க. நெருக்கம் ஜாஸ்தியானா ஒவ்வொண்ணுக்கும் கிடைக்கிற இடம் குறையும்."

அவள் ஊசியை அதற்கான குட்டித் தலையணையில் குத்தி வைத்தாள். முழுக்கப் புரிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் பஸ் புரிந்தது.

"சரி, கணக்கைச் சொல்லு."

"படத்துல கட்டில் பத்து. இருபதால பெருக்கினா நிஜக் கட்டில் வரும். இருநூறு சென்டி. சரியா இருக்கா? ஆள் படுக்கற நீளந்தான். இப்ப அதை ஐம்பதால வகுங்க."

"நாலு."

"அவ்வளவுதான். அகலம் அஞ்சு இருந்தது, ரெண்டாகும். எதை எடுத்தாலும் அஞ்சுல ரெண்டு பங்கு. வட்டத்தோட குறுக்களவு ஏழரை. அதுல அஞ்சுல ரெண்டு பங்கு மூணு. கழிப்பறை நாற்காலி ரெண்டரைக்கு ரெண்டரை. அது ஒண்ணுக்கு ஒண்ணு. அறை உங்க படத்துல ஆறுக்கு ஏழு. தாராளமா உட்காரும் அண்ணி. பக்கத்துல ஒரு டீவி வெக்கலாம்."

"டீவி கிடக்கட்டும். நீ டீயைக் குடி."

அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பென்சிலால் மூலைக்கொரு புள்ளி வைத்தாள். கட்டிலுக்கு நாலு புள்ளி, நாற்காலிக்கு நாலு, வட்டத்துக்குச் சுற்றிலும் சில. பெரிய கத்தரியை எடுத்தாள். மூன்று உருவமும் மேசையில் விழ ஒரு பாட்டுப் பாடும் நேரம்கூட ஆகவில்லை. அட்டையின் அச்சுப் பக்கம் மேலே தெரியும்படி அறைக்குள் வைத்தாள்.

உட்காரவில்லை.

கட்டிலைச் சுவரோரம் ஒட்டினாள். வட்டம் கட்டில்மேல் ஏறியது. கட்டிலைத் திருப்பிக் குறுக்கே வைத்தாள். வட்டத்துக்கு இடம் வந்தது என்று பார்த்தால், அது கதவையும் அடைத்துச் சுவருக்கு வெளியே கொஞ்சம் நீட்டி நின்றது. மூலைக்கு மூலை நகர்த்தினாள். எப்படி வைத்தாலும் ஏதோ ஒன்று இன்னொன்றின்மேல் ஏறியது.

வாத்தியாருக்கு முகம் மாறிவிட்டது. "இருங்க, இருங்க. எங்கயோ தப்பு." சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிப் பெருக்கினார். பத்து, இருபது, இருநூறு, ஐம்பது, நாலு. மறுபடி பெருக்கினார். அதே நாலு. "கணக்கு சரியாத்தான் இருக்கு."

"அப்ப படம் தப்பு. கட்டிட ஆபீஸ்காரங்க அறையைச் சின்னதா வரைஞ்சுட்டாங்க."

அந்த நேரத்தில் வாசலில் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. கணவர் வந்துவிட்டார். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பவர், எல்லோருக்கும் பெயிண்டர். அன்று காதில் மஞ்சள் பெயிண்ட்.

"என்னங்க, கை கழுவாதீங்க. உள்ளறையை அளக்கணும், பிடிங்க."

கழுத்திலிருந்த நாடாவின் ஒரு முனையைக் கொடுத்தாள். பெயிண்டர் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் இன்னும் அதிக வேலை வரும் என்று தெரியும். மூட்டைகளைத் தள்ளி, எந்திரத்தின் கீழே புகுந்து, நாடாவை இரண்டு மூன்று தவணையாக நீட்டி அளந்தார்கள். முன்னூறுக்கு முன்னூற்றைம்பது. ஐம்பதால் வகுத்தால் ஆறுக்கு ஏழு. படம் சரி.

"படம் சரி, கணக்கு சரி. ஆனா கட்டில் உட்காரல" என்றார் வாத்தியார். அவர் குரலில் ஒரு பயம் இருந்தது. நாற்பது வருஷம் நம்பிய ஒன்று கையை விட்டுப் போவது போல.

"பிசியோ பொண்ணு தாளே தப்பா இருக்கும்" என்றாள் டேப்பு.

"பத்து சென்டி கட்டில் இருநூறு சென்டிதான் அண்ணி. அதுல என்ன தப்பு?" வாத்தியார் குனிந்து மேசையைப் பார்த்தார். தயங்கினார். "அண்ணி... இந்தக் கட்டில் கொஞ்சம் பெருசாத் தெரியுதே?"

"வெட்டினது நான்."

"இல்ல, சும்மா ஒரு தடவை அளந்து..."

"வெட்டினது நான்னு சொன்னேன்ல."

வாத்தியார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொழிற்சாலை மேலாளர் இழுத்துக்கொண்டது போலவே.

டேப்பு எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கோபம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இருபது, ஐம்பது, அஞ்சில் ரெண்டு. எல்லாம் சரி என்கிறார்கள். எல்லாம் சரியென்றால் அண்ணன் வரக்கூடாது என்றுதானே ஆகிறது? அவளுக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போனதாகச் சரித்திரம் இல்லை. சேர்ந்து உட்கார்ந்தால் சாப்பாட்டில் ஆரம்பித்துச் சண்டையில் முடியும். ஆனால் நெடுநாள் இல்லத்தில் அவரை யார் திட்டுவார்கள்? மரியாதையாகப் பேசுவார்கள். மரியாதையாகவே திரும்பிப் போவார்கள். நாளெல்லாம் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தாலும், புரளுங்கள் என்று கத்த ஆள் இருக்காது. புரளாவிட்டால் முதுகில் புண் வரும். புண் வந்தால் அப்புறம் எந்த அறையும் தேவைப்படாது.

"நாளைக்குப் போய், உட்காரலன்னு சொல்லிடறேன்" என்றாள், திரும்பாமல்.

"அவசரப்படாத" என்றார் பெயிண்டர். "அவரு வண்டியிலயே முப்பது வருஷம் படுத்தவரு. கட்டில் கொஞ்சம் குறுகலா இருந்தாத்தான் என்ன?"

"கட்டிலைக் குறுக்க முடியாதுங்க, ஆஸ்பத்திரிக் கட்டில்."

"அப்ப சுவத்தை இடிச்சுடலாம். பெயிண்ட் நான் அடிச்சுக்கறேன்." யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வியர்த்தது. கை நீட்டி மின்விசிறியைப் போட்டார்.

"ஐயோ, விசிறியை நிறுத்துங்க!"

நிறுத்துவதற்குள் காலர் துணியெல்லாம் எழும்பியது. கட்டில் பறந்து பீரோவுக்குக் கீழே போயிற்று. வட்டம் தரையில் விழுந்தது. கழிப்பறை நாற்காலி வாத்தியாரின் டீயில் மிதந்தது.

"போதும், இதுக்குமேல அதுக்கு என்ன அவமானம் வேணும்" என்றார் வாத்தியார், விரலால் அதை எடுத்துக்கொண்டே.

டேப்பு குனிந்து வட்டத்தை எடுத்தாள். அது கவிழ்ந்து கிடந்தது. பின்பக்கத்தில் அவள் வைத்த பென்சில் புள்ளிகள் வளையமாகத் தெரிந்தன. அவை ஓரத்தில் இல்லை. ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, வரிசை பிசகாமல், ஒரே இடைவெளியில் சுற்றி வந்தன.

பீரோவுக்குக் கீழே கை விட்டுக் கட்டிலை இழுத்தாள். திருப்பினாள். நாலு புள்ளி. அதுவும் உள்ளே. நாடாவை வைக்கத் தேவையே இல்லை, அந்த இடைவெளியை அவள் தூக்கத்தில்கூட அறிவாள். கால் இஞ்ச்.

துணியில் குறி போட்டால் அது தையல் ஓடும் இடம். கத்தரி குறிமேல் போகாது. தையலுக்காகக் குறிக்கு வெளியே கால் இஞ்ச் விட்டு ஓடும். துணிக்கு முன்பக்கம் அழுக்காகக்கூடாது என்று பின்பக்கம்தான் குறி போடுவார்கள். முப்பது வருஷம் அந்தக் கை வேறு எப்படியும் வெட்டியதில்லை. யாரும் அதனிடம் சொல்லவில்லை, கட்டிலை யாரும் தைக்கப்போவதில்லை என்று.

கட்டிலை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். இரண்டு ஆண்களும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. கட்டிலுக்குத் தையல் விட்டிருக்கேன்."

வாத்தியாருக்குப் புரியவில்லை. பெயிண்டருக்குப் புரிந்துவிட்டது. அவர் இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவர். மெதுவாக, மிகுந்த ஜாக்கிரதையுடன் கேட்டார்: "நாற்காலிக்கும் விட்டியா?"

"எல்லாத்துக்கும்."

"நல்லவேளை. இல்லேன்னா பிரிஞ்சு போயிருக்கும்."

சொல்லிவிட்டு சமையலறைக்கு ஓடிவிட்டார். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வெகுநேரம் வந்தது. வாத்தியார் புள்ளிகளைப் பார்த்து, உள்ளங்கையில் மிச்சமிருந்த இடத்தில் எழுதிக் கணக்குப் போட்டார். "கால் இஞ்ச். ஐம்பது மடங்கு... பன்னிரண்டரை இஞ்ச். அண்ணி, கட்டிலைச் சுத்தி நாலு பக்கமும் ஒரு அடிக்கு மேல சேர்த்திருக்கீங்க. இதுல உங்க அண்ணன் லாரியோட படுக்கலாம்."

"நீயும் ஆரம்பிக்காத."

"அப்ப என் கணக்கு சரி!"

"உன் கணக்கு சரிடா சாமி. இதைப் போய் ஊரெல்லாம் சொல்லாம இருந்தா உனக்குக் காலமெல்லாம் பட்டன் நான் வெக்கறேன்."

புள்ளிமேலேயே வெட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. கத்தரி ஓரத்துக்கு ஓடியது, இழுத்துப் பிடித்தாள். முதல் முறை வெட்டும் ஒரு பெண்ணைப்போல நாக்கைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். டீயில் நனைந்த நாற்காலியை வேறு அட்டையில் புதிதாக வெட்டினாள். பிறகு, யாரும் சொல்லாமலே, நாடாவை எடுத்து மூன்றையும் அளந்தாள். நாலுக்கு ரெண்டு. ஒண்ணுக்கு ஒண்ணு. மூணு.

மூன்றும் அறைக்குள் உட்கார்ந்தன. கட்டில் சுவரோரம், அதன் காலடியில் நாற்காலி, மறுபக்கம் வட்டம். வட்டத்தைச் சுற்றி இடம் மிச்சம்கூட இருந்தது.

ஆனால் அவளுக்கு நிம்மதி வரவில்லை. வாத்தியார் சட்டையை வாங்கிக்கொண்டு போன பிறகும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முன்பும் எல்லாம் சரி என்றுதான் தோன்றியது. அப்போது தவறு இருந்தது. இப்போதும் எல்லாம் சரி என்று தோன்றுகிறது. இதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

"சாப்பிட வா" என்றார் பெயிண்டர். "தட்டு ஒன்றுக்கு ஒன்று."

மறுநாள் விடிந்ததும் இருவரும் உள்ளறையைக் காலி செய்தார்கள். எந்திரங்கள் முன்னறைக்குப் போயின. வெட்டு மேசை இரண்டாகக் கழன்று போயிற்று. பீரோ மட்டும் அழுது அழுது நகர்ந்தது. வெறும் தரையில் டேப்பு கட்டிலை அதன் முழு அளவில் சுண்ணக்கட்டியால் வரைந்தாள். வட்டத்தை வரைய, நடுவில் பெயிண்டரை நிற்கவைத்து அவர் காலில் கயிறு கட்டிச் சுற்றினாள். பிறகு அவரைச் சமையலறை முக்காலியில் உட்காரவைத்து, "திரும்புங்க" என்றாள். அவர் காலால் உந்தி உந்தி ஒரு சுற்று சுற்றினார். முழங்கால் எந்தக் கோட்டையும் தொடவில்லை.

"இன்னொரு தடவை."

"தலை சுத்துதுடி."

"அண்ணன் தினம் சுத்தணும். திரும்புங்க."

அதன் பிறகுதான் குளித்துவிட்டு வார்டுக்குக் கிளம்பினாள்.

பிசியோ பெண் படத்தை வாங்கி, அளவுகோலை எடுத்து, ஒவ்வொரு உருவமாக அளந்தாள். டேப்பு உருவங்கள் நகராதபடி படத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அளக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இருக்குங்க. ஆனா சும்மா வெச்சா போதாது. ஒட்டிக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன். தலை எந்தப் பக்கம்?"

டேப்பு விழித்தாள். கட்டிலுக்குத் தலை இருக்கிறது என்று நேற்று முழுக்க யாருக்கும் தோன்றவில்லை.

"ஜன்னல் எங்க இருக்கு?" என்று அண்ணன் படுக்கையிலிருந்து கேட்டார். காட்டினாள். "அப்ப கால் ஜன்னல் பக்கம். தலை கதவுப் பக்கம். தெருவைப் பார்க்கணும்ல. இல்லேன்னா நாள் பூரா உன் மூஞ்சியத்தான் பார்க்கணும்."

பிசியோ பெண் படத்தைத் திருப்பிப் பார்த்து யோசித்தாள். "அப்படி வெச்சா இவருக்கு வலப்பக்கம் காலியா இருக்கும். நல்ல கை அதுதானே. அதுவே சரி."

செவிலியர் மேசையிலிருந்து பசை வாங்கி, தலையணை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு, மூன்றையும் ஒட்டினாள் டேப்பு. பசை காய்வதற்கு முன்பே பிசியோ பெண் கீழே கையெழுத்துப் போட்டாள். அண்ணன் வட்டத்தின்மேல் ஒரு விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பசை விரலில் ஒட்டியது. போர்வையில் துடைத்தார்.

"அதைத் துவைக்கறது யாரு?" என்றாள் டேப்பு.